ஐம்பது மீட்டர், ஆறு விநாடி

(சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சியில், அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பாதுகாப்பு பற்றி ஒருவர் பேச வருகிறார் என்றதும் என்ன எதிர்பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் பேசி வந்தேன். வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடியும் வலப்பக்கம் பார். ஜனவரி மாதம் உறுதிமொழி, ஓவியப் போட்டி, பேரணி, பேரணி முடிந்ததும் மோர். இவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இன்று பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சமாகவும், பள்ளி வாசலில் கிடக்கிற சாலையைப் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன். நான் பொறியாளர் அல்ல. ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் நடத்துகிறவன். இயக்கம், வேகம், முடுக்கம் என்று கரும்பலகையில் எழுதுகிறவன். அந்த அளவுக்குத்தான் எனக்கு இந்த விஷயத்தில் உரிமை.

எங்கள் பள்ளி ஒரு நகராட்சியில், கடைத்தெருவிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தச் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. மழை பெய்தால் வாசலில் குளம். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். அந்த மனுவில் என் கையெழுத்தும் உண்டு. ஒருவழியாகச் சாலை போட வந்தார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டார்கள். இரண்டே இரவில் சாலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஓரத்து மண்ணையும் சேர்த்துச் சற்று அகலமாகவும் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பள்ளிக்கு முன்னால் பழைய வேகத்தடை ஒன்று இருந்தது. அது புதுத் தாருக்கு அடியில் போய்விட்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மாலை பள்ளி விட்ட நேரத்தில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் அடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. பைக்கில் வந்த பையனுக்கும் தோள்பட்டை போனது; அவனும் கல்லூரி மாணவன்தான்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். "எத்தனை முறை சொல்லியிருக்கிறோம், பார்த்துக் கடக்க வேண்டும் என்று" என்றேன். பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். அந்த வாக்கியத்தை நான் இப்போது திரும்பச் சொல்லும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணை வீட்டில் போய்ப் பார்த்தபோது அவள் கேட்காமலேயே சொன்னாள்: "நான் பார்த்துட்டுதான் சார் போனேன். அது ரொம்பத் தூரத்துலதான் சார் வந்துச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் உளவியல் ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். நம்மை நோக்கி வரும் ஒரு பொருள் கண்ணுக்குப் பெரிதாகிக்கொண்டே வரும். அது எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் அது வருகிற வேகத்தை நாம் உணர்கிறோம். வளர்ந்தவர்களுக்கு இந்த உணர்வு நன்றாக வேலை செய்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வண்டி வந்தால், அது நெருங்குகிறது என்பதையே அவர்கள் தவறவிட வாய்ப்பு உண்டு என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. அதாவது வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவுக்கு அது நிற்பது போலத் தோன்றும் ஆபத்து. எங்கள் மாணவி அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவள். இருந்தாலும் "தூரத்துலதான் வந்துச்சு" என்ற அவள் சொல்லை அதற்குப் பிறகு என்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார் என்று நான் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்திருக்கிறாள். அவள் கண்ணால் முடியாத ஒன்றை அந்தச் சாலை அவளிடம் கேட்டிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பாடம் நடத்த வேண்டிய நேரம் வந்தது. பாடத்தை வாசலில் நடத்தலாம் என்று தலைமை ஆசிரியர் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பிள்ளைகள் சுற்றுச்சுவருக்கு வெளியே கால் வைக்கக் கூடாது" என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். நல்ல நிபந்தனை, நீங்களும் செய்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஆசிரியரிடம் டேப் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நானும் அவரும் சாலையோரத்தில் ஐம்பது மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டோம். பிள்ளைகள் சுவருக்கு உள்ளே, மேடையில் நின்று பார்த்தார்கள். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது ஒருவர் கையை இறக்குவார். அடுத்த முனையில் நிற்பவர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். வண்டி இரண்டாவது கோட்டைத் தொட்டதும் நிறுத்துவார். ஸ்டாப்வாட்ச் என்றால் என் கைப்பேசியும் விளையாட்டு ஆசிரியரின் கைப்பேசியும்தான்.

ஐம்பது மீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பது மீட்டரை ஆறு விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். நாலரை விநாடி என்றால் 40. மூன்று புள்ளி ஆறு என்றால் 50. மூன்றே விநாடி என்றால் 60. 180-ஐ விநாடியால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கில் வேகம் வந்துவிடும். ஏன் 180 என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம். இருபது மீட்டர் போதுமே என்று நினைக்காதீர்கள். கை அழுத்துவதில் கால் விநாடி முன்பின் ஆகும். தூரம் குறைந்தால் அந்தப் பிழை பெரிதாகிவிடும். பிழை என்றால் என்ன என்பதையும் அங்கேயே நடத்திவிடலாம்.

எங்கள் வாசலில் '30' என்று சிவப்பு வட்டம் போட்ட பலகை இருக்கிறது. பளிச்சென்று தெரியும். முதல் நாள் அந்தப் பலகைக்கு நேர் கீழே ஆறு விநாடி எடுத்துக்கொண்டவை சைக்கிள்கள், சரக்கு ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள், நிறுத்தத்திலிருந்து அப்போதுதான் கிளம்பிய பேருந்து. மற்றவை எல்லாம் நான்கை ஒட்டியும் அதற்குக் கீழேயும். பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டி எண்களைக் குறிக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நாம் யாரையும் பிடிக்க வரவில்லை, சாலையை அளக்க வந்திருக்கிறோம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் தயங்கித் தயங்கி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். காலையில் நான் பள்ளிக்கு வரும்போது என் வண்டியையும் அளந்திருக்கிறார்கள். 3.8 விநாடி. வகுத்துப் பாருங்கள். 47 கிலோமீட்டர் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு அடிபட்ட அதே இடத்தில், அவளை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நான், 30 என்ற பலகைக்குக் கீழே, வருகைப் பதிவு நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று 47-இல் போயிருக்கிறேன். போனது எனக்கே தெரியாது. நான் வேகமாக ஓட்டுகிறவன் என்று யாரும் சொன்னதில்லை. என் மனைவி என் பின்னால் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்பார்.

அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் பலகையைப் பார்த்து ஓட்டவில்லை, சாலையைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன். வழவழப்பான தார், நேரான பாதை, நல்ல அகலம். இவை மூன்றும் சேர்ந்து என்னிடம் ஐம்பது என்று சொல்லியிருக்கின்றன. பலகை ஒன்று சொல்ல, சாலை வேறொன்று சொன்னால், மனிதக் கால் சாலையின் பேச்சைத்தான் கேட்கிறது.

இதை நான் ஒருவன் சொல்லவில்லை. பிரிட்டனில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்து அளந்திருக்கிறார்கள். 1990-களில் அங்கே குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 20 மைல் மண்டலங்கள் அமைத்தபோது வெறும் பலகையோடு விடவில்லை. வேகத்தடை போட்டார்கள், சாலையைக் குறுக்கினார்கள், வளைவுகளை ஏற்படுத்தினார்கள். 1996-இல் வந்த ஆய்வறிக்கையின்படி அந்த மண்டலங்களில் சராசரி வேகம் 9 மைல், அதாவது 14 கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. விபத்துகள் 60 விழுக்காடு குறைந்தன. பிள்ளைகள் அடிபட்டவை 67 விழுக்காடு குறைந்தன. பிற்காலத்தில் செலவு குறைவு என்று வெறும் பலகையும் சாலையில் எழுதிய எண்ணும் மட்டும் வைத்துப் பல நகரங்களில் 20 மைல் அறிவித்தார்கள். 2018-இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட ஆய்வில் குடியிருப்புத் தெருக்களில் வேகம் எவ்வளவு குறைந்திருந்தது தெரியுமா? 0.7 மைல். நம் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒரு கிலோமீட்டரையும் நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் பதினான்கும் ஒன்றும் ஒன்றல்ல.

மணிக்கு முப்பதோ ஐம்பதோ, அதில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்காக விளையாட்டுத் திடலில் ஒரு பாடம் நடத்தினோம். ஒரு குழந்தை திடீரென்று குறுக்கே வருகிறது. பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 30-இல் வரும் வண்டி அந்த ஒரு விநாடியில் 8.3 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல டயர், காய்ந்த தார் என்றால் இன்னும் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13.3 மீட்டர். 50-இல் வரும் வண்டி அந்த ஒரு விநாடியிலேயே 13.9 மீட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் பிரேக். நிற்க இன்னும் கிட்டத்தட்ட 14 மீட்டர் வேண்டும்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. திடலில் கோடு போட்டுப் பாருங்கள். 13.3-இல் ஒரு கோடு, 13.9-இல் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குப் பெரிதாக, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி. முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால் முதல் வண்டி அவளைத் தொடாது. இரண்டாவது வண்டி முழு ஐம்பதில் மோதும். அந்தக் கோட்டில் ஒரு புத்தகப் பையை வைத்துவிட்டு நான் சும்மா நின்றேன். திடலில் சத்தமே இல்லை. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப, கிட்டத்தட்ட 2.8 மடங்கு என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, சாலையை எப்படி முப்பது என்று பேச வைப்பது?

இதை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். இன்று அது சைக்கிள் நாடு என்று பெயர் வாங்கியிருக்கிறது. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலையில் மாண்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் பிள்ளைகள் மட்டும் நானூறுக்கும் மேல். பள்ளிக்குப் போகும் வழியில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற செய்தியாளர் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் சில தெருக்களில் நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவையே எடுத்துவிட்டு, மரம், பெஞ்சு, வளைவு எல்லாம் வைத்து, வண்டி நடை வேகத்தில்தான் ஊர முடியும் என்று ஆக்கினார்கள். 'வூனெர்ஃப்' என்று பெயர். வசிக்கும் முற்றம் என்று சொல்லலாம். 1976-இல் அதற்குச் சட்ட ஏற்பும் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-இல் முதன்மைச் சாலைகள் தவிர மற்றத் தெருக்கள் அனைத்துக்கும் 30 என்று வைத்தது. முற்றமும் தெருவும் ஒன்றாக இருந்து கோலம் போட்ட நமக்கு இது ஒன்றும் புதிதல்ல என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தத் தெருக்கள் இப்போது நம்மிடம் எங்கே இருக்கின்றன?

நமக்குத் தெரிந்த ஒரே மருந்து வேகத்தடை. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் அதிகமாகத் தப்பாகச் செய்கிறோம்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை உறுப்பினர். விபத்துக்குப் பிறகு குழுக் கூட்டத்தில் வேகத்தடை கேட்டுத் தீர்மானம் போடலாம் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் எழுந்தார். "சார், நீங்க தீர்மானம் போட்டுட்டுப் போயிடுவீங்க. ஒரு நாளைக்கு எத்தனை மேடு ஏறி இறங்குறேன்னு எனக்குத்தான் தெரியும். முதுகு என்னுது சார். மாசமா இருக்கிற பொண்ண ஏத்திட்டுப் போறப்ப அந்த மேட்ட எப்படித் தாண்டுறதுன்னு உயிர் போகும். இன்னொண்ணு, அந்தச் சின்ன ரப்பர் மேடு இருக்கே, அதுல மெதுவா போனாத்தான் தூக்கிப் போடும். வேகமாப் போனா தெரியவே தெரியாது. பசங்க அதுக்குன்னே முறுக்கிட்டுப் போறாங்க."

எனக்கு இது நம்பும்படியாக இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் அறிவியல். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் இதைத்தான் ஆராய்ந்தார். மேடு குறுகலாக, ஒரு முழம் ஒன்றரை முழம் அகலத்தில் இருந்தால், வேகமாக வரும் வண்டியின் சக்கரம் மட்டும் மேலே போய்க் கீழே வந்துவிடும்; ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளும்; வண்டியின் உடல் எழும்பவே நேரம் இருக்காது. மெதுவாகப் போகிறவருக்குத்தான் குலுக்கல். அதாவது ஒழுங்காக ஓட்டுபவருக்குத் தண்டனை, விரட்டுபவருக்கு விடுதலை. மேட்டை நீளமாக, 12 அடிக்கு வில் போல வளைத்து, நடுவில் நான்கு அங்குலம் மட்டும் உயர்த்தினால் நிலைமை தலைகீழ். மெதுவாகப் போகிறவருக்குத் தொட்டில் ஆடுவது மாதிரி. வேகம் கூடக் கூடக் குலுக்கல் கூடும். நம் நாட்டில் சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே அளவுகளைத்தான் சொன்னது. 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வில். அதை வசதியாகக் கடக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை. மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. தொடராகப் போட்டால் நூறு முதல் நூற்றிருபது மீட்டருக்கு ஒன்று.

ஒரு நாணின் நீளமும் ஆரமும் தெரிந்தால் வில்லின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? பித்தாகரஸ் தேற்றம் போதும். எங்கள் கணித ஆசிரியர் அதைப் பத்தாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்தார். 10 சென்டிமீட்டர் சரியாக வருகிறது. பிறகு பிள்ளைகள் ஊரில் உள்ள வேகத்தடைகளை எல்லாம் தத்தம் வீட்டுப் பக்கம் பெற்றோர் துணையோடு அளந்து வந்தார்கள். 3.7 மீட்டர் நீளமுள்ளது ஒன்றுகூட இல்லை. தெருக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்டது, தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடிய மேடு, கடைக்காரர்கள் வாங்கிப் பதித்த ரப்பர் துண்டுகள். பெரும்பாலானவற்றில் வெள்ளைக் கோடு அழிந்துபோயிருந்தது. இரவில் தெரியாத வேகத்தடை வேகத்தைக் குறைப்பதில்லை, ஆளைத்தான் தூக்கிப் போடுகிறது. இன்னொரு விஷயத்தை ஒரு மாணவி கவனித்து எழுதியிருந்தாள். மழைத்தண்ணீர் போவதற்காக ஓரத்தில் ஓர் அடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். இரு சக்கர வண்டிகள் அந்த இடைவெளியில் நுழைந்து போகின்றன. நடந்து போகிறவர்கள் இருப்பதும் அதே ஓரத்தில்தான்.

வேகத்தடையைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கடக்கும் இடத்தையே மேடை மாதிரி உயர்த்தி, நடைபாதை மட்டத்துக்குக் கொண்டுவந்து, இருபுறமும் சாய்வு கொடுப்பது ஒன்று. பிள்ளைகள் சாலையில் இறங்குவதில்லை, வண்டிதான் அவர்கள் இடத்துக்கு ஏறி வர வேண்டும். பள்ளி வாசலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று நினைக்கிறேன். கடக்கும் இடத்தில் இருபுறமும் நடைபாதையை முன்னுக்குத் தள்ளிச் சாலையைக் குறுக்குவது இன்னொன்று. ஏழு மீட்டர் சாலையைச் சிறு குழந்தை விநாடிக்கு ஒரு மீட்டர் நடையில் கடந்தால் ஏழு விநாடி நடுச்சாலையில் இருக்கிறாள். அந்த நேரத்தில் 50-இல் வரும் வண்டி 97 மீட்டர் ஓடிவிடும். சாலை ஐந்து மீட்டர் ஆனால் அவளுக்கு இரண்டு விநாடி மிச்சம். மூன்றாவது வழியைப் போலீஸ்காரர்கள் நம் ஊரில் தினமும் செய்கிறார்கள். விளம்பரம் எழுதிய பேரிகேடுகளை எதிரெதிரே மாற்றி வைத்து, வண்டியை வளைந்து வளைந்து போக வைக்கிறார்களே, அதேதான். ஐரோப்பாவில் அதையே மரத்தொட்டியும் கல்லும் வைத்து நிரந்தரமாகச் செய்கிறார்கள். நம் பேரிகேடு திருவிழா வந்தால் வேறு தெருவுக்குப் போய்விடும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் விசிலைக் கொடுத்து வண்டிகளை நிறுத்தச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இங்கே பொறுப்பாசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவர்கள் செய்ய வேண்டியதை நிற்க முடியாத வண்டிக்கு முன்னால் நிறுத்திப் பிள்ளைகளைச் செய்யச் சொல்கிறோம்.

எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்பார்கள். உண்மைதான். ஒவ்வொரு மேடும் சில விநாடிகளைத் தின்கிறது. அதனால்தான் பெரிய வண்டியின் இரு சக்கரங்களும் இருபுறமும் போகும்படி இடைவெளி விட்டு மெத்தை மாதிரி மேடு போடும் முறையும் வந்தது. ஆனால் நம் ஊரில் அந்த இடைவெளி வழியாக பைக்குகள் பறக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முதன்மைச் சாலைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று பிரித்துத்தான் செய்ய வேண்டும். நேரம் வீணாகும் என்பது அடுத்தது. அரை கிலோமீட்டரை 50-இல் கடக்க 36 விநாடி. 30-இல் 60 விநாடி. வித்தியாசம் 24 விநாடி. என் 3.8 விநாடிப் பயணத்தில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: அந்த ஐம்பது மீட்டரில் 2.2 விநாடி.

நாங்கள் என்ன பெற்றோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு பிள்ளைகளின் அளவுகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து இணைத்தோம். 'வேகத்தடை வேண்டும்' என்று எழுதவில்லை; '3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, பட்டை அடித்த வேகத்தடை' என்று எழுதினோம். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் ஆட்டோக்காரர்தான். தீர்மானத்தில் முதல் கையெழுத்தும் அவருடையது. அந்தச் சாலை எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கண்டுபிடிக்கவே சில மாதங்கள் ஆகின. இரண்டு மேசைகள் ஒன்றையொன்று காட்டின. அதற்குள் கால் சரியாகி, அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு வேகத்தடை வந்தது. நீளம் 3.5 மீட்டர், பிள்ளைகள் அளந்தார்கள். பரவாயில்லை. பட்டை அடித்திருக்கிறார்கள். மேடை மாதிரிக் கடவு கேட்டிருந்தோம், அது வரவில்லை.

மறுபடியும் ஐம்பது மீட்டரை அளந்தோம். வேகத்தடையை நடுவில் வைத்து அளந்தால் ஆறு விநாடிக்கும் மேலே போகிறது. சில வண்டிகள் எட்டு. ஆனால் ஒரு மாணவன் டீக்கடைப் பக்கம், நூறு மீட்டர் தள்ளி, இன்னோர் ஐம்பது மீட்டர் அளக்கச் சொன்னான். அங்கே பழைய நான்குதான். மேட்டில் மெதுவாக வந்ததை ஈடுகட்டுவது போல அதற்கப்பால் முறுக்கிவிடுகிறார்கள். நூறு நூற்றிருபது மீட்டருக்கு ஒன்று என்று வழிகாட்டுதலில் இருந்த வரி எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. டீக்கடைக்கு எதிரில்தான் அங்கன்வாடி இருக்கிறது. இரண்டாவது மனு இப்போது அலுவலகத்தில் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டின் கணக்கில் பத்தில் ஏழு உயிர்களுக்கு மேல் அதிவேகம் என்ற காரணத்தின் கீழ் எழுதப்பட்டவை. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். '3.8 சார்' என்று நோட்டில் எழுதிக் காட்டியபோது இருந்த முகம் அப்போது இல்லை.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். இந்த ஆண்டு இயக்கம் பாடம் அவளுக்கு நான்தான் நடத்துகிறேன். வாசலில் அளக்கப் போகிறோம் என்றபோது வருகிறாயா, வகுப்பிலேயே இருக்கிறாயா என்று தனியாகக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நான் வாட்ச் பிடிக்கிறேன் சார், கை இறக்குறது வேற யாராவது செய்யட்டும்" என்றாள். வண்டி வருவதை முதலில் பார்க்க வேண்டியவர் கை இறக்குபவர். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

டேப்பைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இந்த வளாகத்துக்கு முன்னால் இருப்பதும் பேருந்து போகிற சாலைதான். தேநீர் இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் வாசலுக்கு வாருங்கள், சுவருக்கு உள்ளேயே நின்று அளக்கலாம்.